குடை பிடித்தவருக்கு வந்த வாக்கு

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற காலை பஸ்ஸில் ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. சாரதிக்கு முன்னால் ஒரு பிள்ளையார், ஒரு புத்தர், ஒரு சிலுவை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிற முன்யோசனை. வானொலிக் குரல் ஒவ்வொரு ராசிக்கும் தேன் தடவிக்கொண்டே வந்தது. ஒரு ராசிக்குப் பதவி தேடி வரும், ஆனால் உடனிருப்பவர்களிடம் கவனம் தேவை என்று சொன்னதும் எனக்கு முன்சீட்டில் இருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், காலடியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் பாவம், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் சந்தேக புத்திதான். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் கடைக்காரரையும் சேர்த்துத் தட்டிப் பார்க்கிற ரகம். வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன். இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. எங்கள் தோட்டத்து நாடகம் ஒன்றிலிருந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் நின்ற பிறகும் மூச்சு வாங்க ஏற வேண்டிய இடத்தில் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஒரே நாடகம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கப்பலேறி வந்தவர்கள் வாயிலேயே கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பெயரும் கிடையாது, ராசா நாடகம் என்றால் போதும். மற்றத் தோட்டங்களில் இரவு முழுக்க நாடகம் நடக்கும். எங்கள் மலையில் பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கி, மேடையில் ராசாவும் தெரிய மாட்டார், மந்திரியும் தெரிய மாட்டார். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு எங்கள் ராசா கொலையுண்டு போக வேண்டும்.

அந்த நாடகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். வெள்ளைப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பியிருப்பார்கள். கிரீடம் என்பது அட்டையில் வெட்டி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைச் சுற்றியது. கிட்டப் போனால் ராசாவின் தலையில் தேயிலைத்தூள் வாசம் அடிக்கும். குடை மட்டும் உண்மையான குடை. எப்போதோ இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது. சுற்றிலும் சரிகைத்தாள் தொங்கவிட்டால் அது வெண்கொற்றக்குடை. கறுப்புத் துணியில் வெண்கொற்றக்குடையா என்று கேட்ட ஆள் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

கதை எளிது. நல்லபடி ஆண்டுகொண்டிருக்கிற ராசாவிடம் ஒரு குறத்தி வந்து கைபார்த்து, உன் பின்னால் நிற்பவன் உன் ஆசனத்தில் அமர்வான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பின்னால் நிற்பவன் குடைக்காரன். அவனுக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. ஆனால் ராசா அன்றிலிருந்து அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். எதைப் பார்க்கிறாய் என்று கேட்கிறார். ஆசனத்தைத் துடைக்கவும் விடுவதில்லை. கேட்டுக் கேட்டு, அதுவரை தரையைப் பார்த்து நின்றவன் ஆசனத்தைப் பார்க்கத் தொடங்குகிறான். கடைசியில் ராசாவைக் குத்திவிட்டு அதில் போய் உட்காருகிறான். உட்கார்ந்ததும் தனக்குக் குடை பிடிப்பது யார் என்று திரும்பிப் பார்க்கிறான். அங்கே யாருமில்லை, ஆனாலும் அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த இடத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவார்கள். வருடா வருடம் அதே இடத்தில் அதே அழுகை.

ராசா வேஷம் தோட்டத் தலைவருக்கு உரியது. தலைவர் என்றால் தொழிலாளர் பக்கம் நின்று தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுகிறவர். ஒருத்திக்கு வேலை மறுத்தாலும், ஒருவர் வீட்டுத் தகரம் ஒழுகினாலும் முறைப்பாடு முதலில் அவர் இஸ்தோப்புக்குத்தான் வரும். இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்வது லயத்து வீட்டின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் முன் விறாந்தையை. அப்போது தலைவராக இருந்தவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை, கணீரென்ற குரல். குடைக்காரன் என் அப்பா. தேயிலைப் பாக்டரியில் வேலை செய்கிற, அதிகம் பேசாத மனிதர். மேடையிலும் அவருக்கு வசனம் குறைவு என்பதால் பொருத்தம். நான் சொல்லப்போவது நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடத்துக் கதை. பெண்கள் மேடை ஏறக் கூடாது. ஆனால் படித்த பிள்ளை என்று என்னைப் படுதாவுக்குப் பின்னால் நிறுத்தி வசனம் எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். குறத்தியாக நடித்ததே மீசையை மழித்த ஓர் ஆண்பிள்ளைதான்.

லயத்தில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. லயத்து நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே திறந்தே கிடக்கும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே சுவருக்கு மேலே குரலை அனுப்பி அண்ணனோடு பேசுவாள். அவர்களுக்குத் தாய் தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அண்ணன்தான் அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர், அதுவும் தூரமாகப் போய்விடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்கே. தினமும் பெரட்டுக்கு, அதுதான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, மாமா கிளம்பும்போது எங்கள் இஸ்தோப்பில் ஒரு நிமிடம் நிற்பார். அம்மா தேத்தண்ணி கொடுப்பாள், நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். மாமாவின் மனைவியான அத்தை கொடுத்ததை வீட்டில் ஏற்கெனவே குடித்திருப்பார். இருந்தாலும் தங்கச்சி கையால் ஒன்று குடிக்காமல் மலையேற மாட்டார். அத்தைக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

அந்த வருடத் திருவிழாவுக்கு வருவோம். நாடகம் தொடங்குவதற்கு முன் கரகம் ஊர் சுற்றிக் கோயிலுக்கு வரும். ராமாயி என்ற பெண்ணுக்குச் சாமி வரும். மற்ற நாட்களில் அவள் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிற, வாயாடிப் பெண். சாமி வந்த ராமாயி முதல் திருநீற்றைத் தலைவருக்குப் பூசி வாக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கரகம் வரும்போது நடிகர்கள் எல்லாரும் வேஷத்தோடு வாசலில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. மாமா பதறி, தகரக் கூரைக்குள் ஒதுங்கினார். குடையோடு நின்ற அப்பாவிடம் அவர் சொன்னதை நான் படுதா ஓரத்திலிருந்து என் காதால் கேட்டேன்.

“நீ போயி எனக்குப் பதிலா நில்லு மாப்ள. மழ பட்டா மூஞ்சி கரைஞ்சு ஒழுகிரும். அப்பறம் எவன் என்னய ராசாம்பான்?”

அப்பா போய் நின்றார். தப்பு மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை, மழை. ராமாயி ஆடிக்கொண்டே வந்தாள், எதிரே நின்ற நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள்.

“இனிமே இவன்தான்டா முன்னுக்கு நிப்பான்.”

தப்பு நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திகைத்துப்போய் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா சிரித்தார். வெள்ளைப் பூச்சுக்குள் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நாடகம் தொடங்கியது. எதைப் பார்க்கிறாய் குடைக்காரா என்று கேட்கும் இடத்தில் மாமா வழக்கமாகச் சபையைப் பார்த்துத்தான் கேட்பார், கைதட்டல் அங்கிருந்துதானே வர வேண்டும். அன்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த இடத்தில் அப்பாவுக்கு வசனமே கிடையாது. நான் படுதாவுக்குப் பின்னால் எதை எடுத்துக்கொடுப்பது என்று தெரியாமல் விழித்தேன். கடைசிக் காட்சியில் அப்பா மரக்கத்தியால் குத்தினார். மாமா விழவில்லை. அப்பா இன்னொரு முறை குத்தினார். அப்போதும் விழவில்லை. விழுங்க மாமா, விழுங்க என்று நான் கிசுகிசுத்தேன். அவர் ஆசனத்தைக் கையால் காட்டி, நாடகத்தில் இல்லாத ஒரு வார்த்தை சொன்னார்.

“உக்காரு பாப்போம்.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது, இந்த வருடம் பகிடியும் சேர்த்திருக்கிறார்கள் என்று. அப்பா உட்காரவில்லை. யாரோ படுதாவை இழுத்து மூடினார்கள். அந்த வருடம் யாரும் அழவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குரல்கள் தணிந்துபோயின, அவ்வளவுதான். முன்பு மாமா கொட்டாவி விட்டாலும் கேட்கும். இப்போது குசுகுசுப்பு மட்டும். நாங்களும் தணிந்து பேசத் தொடங்கினோம்; அவர்கள் ஏன் தணிந்து பேசுகிறார்கள் என்று பேசுவதற்குத்தான். மாமாவுக்கு அப்பா மேல் சந்தேகம், ராமாயிக்கு ஏதோ கொடுத்துச் சொல்ல வைத்தார் என்று. அப்பாவுக்குத் துரை மேல் சந்தேகம், தலைவரை உடைக்க இப்படி ஒரு வேலை பார்த்திருப்பார் என்று. அம்மாவுக்கு அத்தை மேல். எனக்கு எல்லார் மேலும். அப்பா மேலும்தான், ஏன் மறைக்க வேண்டும்? திருவிழாவுக்கு முந்தின வாரம் அவர் சட்டைப் பையில் புதிதாக ஒரு சீப்பு இருந்தது.

ராமாயியையே போய்க் கேட்டேன். சாமி வந்தால் தான் எங்கே இருக்கிறோம் என்றே தனக்குத் தெரியாது, நெற்றி இருந்தது பூசினேன் போல என்றாள். அவள் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. தெரியாததாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. பிறகு மாமாவிடம் போனேன். நீங்கள்தானே அப்பாவை அங்கே போய் நிற்கச் சொன்னீர்கள், நான் கேட்டேனே என்றேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

“இப்பிடி வந்து சொல்லச் சொல்லி ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

வசனம் எடுத்துக்கொடுக்கிறவளுக்கு வந்த கேள்வியைப் பாருங்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் தேத்தண்ணிக்கு வருகிறேன். திருவிழாவுக்கு மறுநாள் மாமா வழக்கம்போல் நின்றார், கோப்பையை வாங்கினார், உள்ளே உற்றுப் பார்த்தார், வயிறு சரியில்லை என்று திண்ணைக் குந்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வாங்கிக்கொண்டே நடந்தார். குரோட்டன் செடிக்குப் பக்கத்தில் அவர் கைக்கோப்பை சரிவதை அம்மா பார்த்துவிட்டாள். மூன்றாவது நாள் அம்மா கோப்பையை உடனே கொடுக்கவில்லை. அவர் எதிரிலேயே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள்.

“இந்தா, நானே குடிச்சிட்டேன். இப்பக் குடிண்ணே.”

மாமா கோப்பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நாளைக்குக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் இஸ்தோப்பு வழியாக அவர் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். அம்மா பல நாள் அந்த நேரத்துக்குத் தண்ணியைக் கொதிக்க வைத்துவிட்டு, பிறகு இறக்கி வைப்பாள். அண்ணன் தன்னைச் செய்வினைக்காரி என்று நினைத்துவிட்டார் என்பதை அவள் வாயால் சொன்னதே இல்லை.

இதற்கிடையில் அப்பாவிடம் ஒரு மாற்றம். முதலில் வாக்கைப் பற்றிப் பேசினால் கையை வீசிச் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. சாமியே சொல்லிவிட்டதே என்று வாலிபப் பையன்கள் முறைப்பாடுகளை இங்கே கொண்டு வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவர்கள் இரண்டு இஸ்தோப்பிலும் ஏறினார்கள். அப்பா பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமப் பழகினார். வெள்ளைச் சட்டை தைத்தார். அடுத்த தலைவர் தெரிவுக்குப் பெரட்டுக் களத்தில் கை தூக்கச் சொன்னபோது அப்பா பக்கம்தான் கைகள் அதிகம். நான் ஆசிரியை, கை தூக்கும் உரிமை இல்லாததால் ஓரமாக நின்று பார்த்தேன். மாமா மாதம் முடிவதற்குள் அத்தையின் ஊரான பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு சாமான்களை லொறியில் ஏற்றினார்.

லொறி கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்.

“பொறந்த வீடுன்னு எனக்கு இருந்தது இந்த ஒரு செவுருதாங்க. அதயும் சாமி சொல்லிருச்சுன்னு வாங்கிட்டீங்க.”

தீபாவளி வரும்போதெல்லாம் அம்மா பூண்டுலோயாவுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். கொண்டுபோனவர்கள் வாங்கிக்கொண்டார் என்று மட்டும் சொல்வார்கள். சாப்பிட்டாரா என்று அம்மா கேட்பாள். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

தலைவரான அப்பா நல்லவிதமாகவே தலைவராக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். பல பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், கூரைகளுக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் யாரையும் தனக்குப் பின்னால் நடக்க விடமாட்டார். கூட வருகிறவர்கள் முன்னால் போக வேண்டும். கூட்டத்தில் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார். ராசா நாடகத்தை நிறுத்தினார். ஆடைப் பெட்டியை எலி கடித்துவிட்டது என்று காரணம் சொன்னார். எலிக்கு அந்த நாடகத்தின் மேல் என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் ராமாயி திருநீறு பூசுவதையும் நிறுத்தி, தட்டில் வைத்து ஆளாளுக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். வாக்குக் கேட்க வந்தவர்களிடம், இந்தக் காலத்தில் என்ன வாக்கு வேண்டியிருக்கிறது என்று கடிந்துகொண்டார். வாக்கினால் வந்தவர் அப்படிப் பேசுவதைக் கேட்டு ராமாயி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இப்போது அந்தத் தோட்டத்தில் தலைவர் என்று ஒருவர் பெயருக்குத்தான் இருக்கிறார். பாதி மலை காடாகிவிட்டது, மீதியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்பில். பெரட்டுக் களத்தில் புல் முளைத்திருக்கிறது. கை தூக்கியவர்களும் இல்லை, தூக்காதவர்களும் இல்லை. மண் சரியும் என்று லயத்தைக் காலிசெய்து எதிர்ச் சரிவில் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். கூரை வரை சுவர். வீட்டுக்கு வீடு இடைவெளி. அம்மாவுக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று தெரிய மாட்டேன் என்கிறது என்பாள். இருந்தது கொஞ்ச காலம்தான். அந்த வீட்டிலேயே செத்துப்போனாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் பெண்ணின் உடலை எடுக்கக் கூடாது. பூண்டுலோயாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வருவாரா என்று எனக்குச் சந்தேகம். மாமா வந்தார். வயதாகி, உடம்பு வற்றி, தட்டில் மஞ்சளும் தேங்காயும் சேலையுமாகத் தப்புச் சத்தத்துக்கு முன்னால் நடந்து வந்தார். வாசலில் வாங்க வேண்டியவர் அப்பா. அப்பா தட்டை வாங்கவில்லை. சேலையை மட்டும் எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். எல்லாரும் பார்க்க அதை இரண்டு கையாலும் பிடித்து உதறினார். செய்வினைத் தகடு, எலுமிச்சம்பழம், எதையோ தேடுகிறார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. தப்படித்தவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சேலையிலிருந்து ஒன்றும் விழவில்லை.

மாமா கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார், கணீரென்ற அந்தப் பழைய குரல் எங்கே போயிற்றோ.

“நல்லா ஒதறிப் பாருங்க மாப்ள. அவ குடுத்த தேத்தண்ணிய நானும் இப்பிடித்தான் பாத்தேன்.”

அப்பா சேலையை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாங்கி மாமாவிடம் கொடுத்தேன். அவரே உள்ளே போய் அம்மாவுக்குப் போர்த்தினார், கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு என்றார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அது அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் குடித்தார்.